முன்னறிவிப்புக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

1884ஆம் ஆண்டு, அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி, டொர்னாடோ எனும் சுழல்காற்று வருமா வராதா என்று 2,803 முன்னறிவிப்புகள் தந்தார். அவற்றில் 96.6 சதவீதம் சரி. ரேடாரும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்தில் இது பெரிய சாதனையாகத்தான் தெரியும். ஆனால் கில்பர்ட் என்ற நிலவியலாளர் அதே ஆண்டில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல் 2,803 முறையும் ‘வராது’ என்றே சொல்லியிருந்தால், 98.2 சதவீதம் சரியாகியிருக்கும்!

சுழல்காற்று வந்தது 51 முறைதான். அதில் 28ஐ ஃபின்லி முன்கூட்டியே சொல்லிவிட்டார், 23 தவறிப்போனது, 72 முறை வீண் எச்சரிக்கை. மீதி 2,680ம் ஒன்றும் நடக்காது என்று சொல்லி ஒன்றும் நடக்காமல் போனவை. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 123க்கு 28, அதாவது சுமார் 23 சதவீதம். இதே அளவுகோலில் ‘வராது’ என்றே சொல்பவருக்குப் பூஜ்யம். மதிப்பெண் குறைந்தாலும், ஃபின்லியின் உழைப்புக்கு நியாயம் செய்வது இந்த 23தான்.

வானிலை மையங்களில் முன்னறிவிப்பு மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்பவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிடுவதைக் கணினியே செய்துவிடும். எந்த அளவுகோலால் அளப்பது, எதோடு ஒப்பிடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ‘இன்று போலவே நாளையும்’ என்று சொல்பவரையும், பல ஆண்டுச் சராசரியை அப்படியே ஒப்பிப்பவரையும் முந்தாத முன்னறிவிப்புக்குத் திறன் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அந்த முடிவையும் விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பார்த்தபின் எடுத்தால், நமக்குப் பிடித்த மாதிரி ஜெயிக்கும் அளவுகோலைக் கை தானாகத் தேடிப் போகும்.

சரி, ‘மழைக்கு 70 சதவீத வாய்ப்பு’ என்பதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? மழை பெய்தாலும் தவறில்லை, பெய்யாவிட்டாலும் தவறில்லையே! 1950இல் அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0. சொன்ன வாய்ப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். அதுதான் அபராதம். 70 சதவீதம் என்று சொல்லி மழை பெய்தால் 0.09, பெய்யாவிட்டால் 0.49. அப்படிச் சொன்ன பத்து நாட்களில் ஏழு நாள் பெய்தால் மொத்தம் 2.1. அதே பத்து நாளும் ‘நிச்சயம் பெய்யும்’ என்று அடித்துச் சொன்னவருக்கு, பெய்யாத மூன்று நாளுக்கும் சேர்த்து 3. மனதில் எவ்வளவு நம்பிக்கையோ அதையே வெளியில் சொல்பவருக்குத்தான் அபராதம் குறைவு. உண்மை பேசுவதற்குப் பரிசு தரும் அளவுகோல் இது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பும் இதுதான்.

எல்லா அளவுகோலும் இவ்வளவு நல்லதல்ல. வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல் ஒன்று (இதைத்தான் ‘மாதிரி’ என்கிறார்கள்) கனமழையைச் சரியாகக் கணித்து, இடத்தை மட்டும் 20 கிலோமீட்டர் தள்ளிச் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால், மழை பெய்த இடத்தில் தவறவிட்டதற்கு ஓர் அடி, பெய்யாத இடத்தில் சொன்னதற்கு இன்னோர் அடி. மழையே இல்லை என்று சொன்ன மாதிரிக்கு ஓர் அடிதான். வெள்ளத்துக்குத் தயாராக வேண்டியவருக்கு எது உதவியிருக்கும்? பிரிட்டன் வானிலைத் துறையின் நைஜல் ராபர்ட்ஸும் ஹம்ஃப்ரி லீனும் 2008இல், புள்ளியை விட்டுவிட்டுச் சுற்றுவட்டாரத்தைப் பார்க்கும் முறையை முன்வைத்தார்கள். அந்த வட்டாரத்தில் எத்தனை பங்கு இடங்களில் மழை என்று சொன்னோம், எத்தனை பங்கில் பெய்தது? வட்டாரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், எந்த அளவுக்கு மேல் அந்த மாதிரியை நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்தபின் இந்தக் கவலை கூடியிருக்கிறது. சராசரி வர்க்கப் பிழையைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தால், நாள் தள்ளித் தள்ளிக் கணிக்கும்போது அவை எல்லாவற்றையும் மங்கலாக்கிச் சராசரிக்கு இழுத்துவிடுகின்றன. மதிப்பெண் நன்றாக வரும், புயலின் உச்சம் மட்டும் மழுங்கிப்போகும். விடைத்தாளாக நாம் வைத்திருக்கும் அளவீடுகளும் முழுக்கச் சுத்தமில்லை. பலத்த காற்றில் மழைமானி உண்மையைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். அந்தக் குறையை மாதிரியின் தலையில் கட்டக்கூடாது.

காலநிலைக் கணிப்பு வேறு மாதிரிச் சிக்கல். வானிலைக்கு விடை நாளையே வந்துவிடும். இதற்கோ பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்புறம், மனிதர்கள் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுவார்கள் என்பது இயற்பியல் கேள்வியே இல்லை. 1970 முதல் 2007 வரை வெளியான 17 வெப்பநிலைக் கணிப்புகளை, காலநிலை விஞ்ஞானி ஸீக் ஹவுஸ்ஃபாதரும் சகாக்களும் 2020இல் வெளியான ஆய்வில் உண்மை அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். 10 பொருந்தின. வளிமண்டலத்தில் வாயுக்களும் பிற காரணிகளும் எவ்வளவு கூடும் என்ற ஊகத்தில் நேர்ந்த பிழையைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது 14 பொருந்தின. ஆக, பொருந்தாமல் போனவற்றில் சிலவற்றில் இயற்பியல் தவறவில்லை, அந்த ஊகம்தான் தவறியிருந்தது.