60 லிட்டர் தொட்டிக்குப் பாசி தின்னும் மீன் வாங்கப் போகிறீர்களா?

வீடு வீடாகப் போய்க் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். இந்த மாதம் மறுபடியும் அதே கதை. சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வரவேற்பறையில் இரண்டடித் தொட்டி, உள்ளே நாலைந்து பவளத் துண்டுகள், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு யெல்லோ டேங் என்னும் மஞ்சள் மீன் ஒன்று. இந்த முனையிலிருந்து அந்த முனை, உடனே திரும்பி மறுபடி இந்த முனை என்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. முதுகுச் சதை வற்றியிருந்தது. துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. "பாசி தின்னும்னு கடையில சொன்னாங்கண்ணே" என்றார் அந்தத் தம்பி. பாறையில் முளைத்திருந்த முடிப்பாசி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் செழிப்பாக இருந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசையாக வாங்கியிருக்கிறார், கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் இதே மீன், இதே அளவுத் தொட்டி, இதே பதில் என்று எத்தனை வீட்டில்தான் பார்ப்பது? அதனால் எழுதுகிறேன்.

பாசி தின்னும் மீனை விட்டால் பாசி ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். தொட்டியில் பாசி எதைத் தின்று வளர்கிறது? நீங்கள் தினமும் போடும் மீன் உணவைத்தான். அந்த உணவு மீன் வயிற்றுக்குள் போய்க் கழிவாகி, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேர்கிறது. வெளிச்சம் இருக்கிறது, எரு இருக்கிறது, பாசி வளராமல் என்ன செய்யும்? இப்போது பாசி தின்னும் மீன் ஒன்றை விடுகிறீர்கள். அது கொஞ்சம் பாசியைத் தின்கிறது. தின்றதை எங்கே கழிக்கிறது? அதே 60 லிட்டரில். பாசிக்குள் இருந்த பாஸ்பேட் மறுபடி தண்ணீருக்கே வந்துவிட்டது. தொட்டியை விட்டு ஏறக்குறைய எதுவும் வெளியே போகவில்லை. போதாததற்கு, புது மீனுக்கென்று கூடுதலாக ஒரு சிட்டிகை உணவும் போட ஆரம்பிக்கிறீர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாசி முன்பைவிட அதிகம். மீன் சோம்பேறி என்று அதன்மேல் பழி வேறு.

எரு தொட்டியை விட்டு வெளியேற வழிகள் கொஞ்சம்தான். தண்ணீர் மாற்றுவது, வடிகட்டிப் பஞ்சு கறுப்பதற்குள் எடுத்து அலசுவது, ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) இருந்தால் அதன் கோப்பையைக் கொட்டுவது, பாசியைக் கையால் பிடுங்கி வெளியே போடுவது. இதில் கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. விரல் நீளத்துக்கு வளர்ந்த முடிப்பாசியைச் சின்ன மீன் எதுவும் தின்று தீர்க்காது. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையை ஒரு வாளிக் கடல்நீரில் வைத்துத் தேய்த்துப் பிடுங்குங்கள். அந்த வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். அப்புறம் முளைக்கும் குட்டைப் பாசியைத்தான் மீனும் நத்தையும் மேயும்.

"கடலில் மீன்தானே பவளப்பாறையைச் சுத்தமாக வைத்திருக்கிறது?" என்று கேட்பார்கள். உண்மைதான். அங்கே கழிவைக் கரைத்துக்கொண்டு போக ஒரு கடலே இருக்கிறது. உங்களிடம் இருப்பது 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம். பெருக்கினால் 65 லிட்டர்கூட வராது. பாறை, மணல் போக 50 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம்.

இன்னொன்று, நீங்கள் பாசி என்று காட்டும் எல்லாமே ஒன்றல்ல. புதுத் தொட்டியில் மணல்மேல் படியும் பழுப்புப் பொடி டயாட்டம் என்னும் நுண்பாசி. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். சிவப்பாகத் தகடு தகடாக உரிந்து வருவது சயனோபாக்டீரியா, பாசிபோலத் தெரியும் பாக்டீரியா. அதற்கென்று எந்த மீனையும் வாங்காதீர்கள், உறிஞ்சி எடுங்கள். எது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள், ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. சில்லர் (குளிரூட்டும் கருவி) விலை அதிகம் என்று மின்விசிறி வைத்துத் தண்ணீரைக் குளிரவைக்கிறோம். சின்னத் தொட்டியில் அதனால் தினமும் நிறையத் தண்ணீர் ஆவியாகிறது. குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறார்கள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். குழாய்த் தண்ணீரோடு வரும், பாசிக்குத் தீனியாகும் சிலிக்கேட்டும் மற்றதும் தொட்டியிலேயே தங்கிவிடும். நாள்தோறும் ஊற்ற ஊற்ற அது ஏறிக்கொண்டே போகும். பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது. குளோரின்போல ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் பறந்துவிடாது. நமக்குக் குடிக்க அருமையான தண்ணீர், பவளத்துக்கு ஆகாது. ஆர்ஓ தண்ணீர், அதாவது சவ்வு வழியாக வடிகட்டிய தண்ணீர் ஊற்றுங்கள். பல வீடுகளில் மீனே வாங்காமல், ஊற்றும் தண்ணீரை மாற்றி, ஜன்னல் வெயில் படாமல் திரை போட்டு, விளக்கை எட்டு மணி நேரத்துக்குக் குறைத்தே பாசி பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் செய்துவிட்டு, சரி, மேய்வதற்கு ஒரு மீனும் இருக்கட்டும் என்றால் வாங்குங்கள். கடையில் அது இருக்கும் அளவைப் பார்க்காதீர்கள், வளர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

யெல்லோ டேங் 20 சென்டிமீட்டர் வரை வளரும். ஹவாய்ப் பாறைகளில் நாள் முழுக்க மேய்ந்து திரிகிற மீன். கடலில் 40 ஆண்டுக்குமேல் வாழ்ந்தவை இருந்திருக்கின்றன. அதை இரண்டடிப் பெட்டியில் போட்டால் மிரட்சியில் வெண்புள்ளி நோய் சுலபமாகப் பிடிக்கும். நோய் வந்தபின் செம்பு மருந்து ஊற்றலாமா என்று எனக்கு ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தி வரும். பவளம் இருக்கும் தொட்டியில் செம்பு கூடவே கூடாது, நத்தையும் பவளமும் போய்விடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம். டேங் இனம் எதுவானாலும் நாலடித் தொட்டிக்குக் குறைந்து யோசிக்காதீர்கள். நீலநிற ரீகல் டேங் 30 சென்டிமீட்டர் வரை போகும், அதற்கு நாலடியும் பத்தாது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள்.

ஃபாக்ஸ்ஃபேஸ் நம் ஓரா மீன் வகை. சீனப் புத்தாண்டு சமயத்தில் ஈரச் சந்தையில் முட்டையோடு விற்பார்களே, அந்த ஓராவுக்கு உறவு. முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கை வீங்கி வலி உயிர் போகும். அதுவும் 20 சென்டிமீட்டருக்குமேல் வளரும், பசித்தால் பவளத்தையும் கடிக்கும். சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

லான்மோவர் (புல்வெட்டி) பிளெனி என்றால் பெயரைப் பார்த்தே எல்லாரும் மயங்குகிறார்கள். நல்ல மீன்தான், ஆனால் 13 சென்டிமீட்டர் வரை வளரும், 100 லிட்டருக்குமேல் வேண்டும். அது நீளமான பாசியை அறுத்துத் தின்னும் மீன் இல்லை. பாறையிலும் கண்ணாடியிலும் மெல்லியதாகப் படிந்திருப்பதைச் சுரண்டும். காலையில் விளக்கு எரிவதற்கு முன் கண்ணாடியைப் பக்கவாட்டில் பாருங்கள், சின்னச் சின்ன உதட்டுத் தடங்கள் வரிசையாகத் தெரியும். அந்தத் தடம் குறைந்துகொண்டே வந்தால் மேய எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். அப்புறம் மார்புத் துடுப்புக்குப் பின்னால் வயிறு குழி விழும். மாத்திரை உணவைத் தொடாத மீனாக இருந்தால் பட்டினிதான். பசியில் பவளத்தையும் சிப்பியையும் கொறிக்க ஆரம்பிக்கும். புதிதாக வைத்த, பளபளவென்று இருக்கும் தொட்டியில் இந்த மீனை விடுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

உங்கள் அளவுக்கு ஏற்றது டெய்ல்ஸ்பாட் பிளெனி. 6 சென்டிமீட்டர்தான், வாலடியில் கறுப்புப் பொட்டு. பாறைப் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டிப் பார்க்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். மெல்லிய பாசியை மேயும், உணவையும் எடுத்துக்கொள்ளும். ஒரு தொட்டிக்கு ஒன்று போதும், இரண்டு விட்டால் அடித்துக்கொள்ளும். துள்ளிக் குதிக்கிற மீன், மேலே வலை மூடி இல்லாமல் வாங்காதீர்கள். சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மாண்டரின் மீன் பாறையைக் கொத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பாசி தின்கிறது என்று நினைக்கிறார்கள். அது தேடுவது கோப்பிபாட் என்னும் பொடி உயிர்களை. சின்னத் தொட்டியில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும், மீனும் மெலிந்து சாகும். நன்னீர்த் தொட்டியில் விடும் சக்கர் மீனைக் கொண்டுவந்து விட்டவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உப்பு நீரில் அது துடித்துச் சாகும்.

என்னைக் கேட்டால் 60 லிட்டருக்கு மீனைவிட நத்தை மேல். டிரோகஸ் நத்தை ஐந்தாறு போதும். கவிழ்ந்தாலும் தானே புரண்டு எழும். அஸ்ட்ரியாவால் அது முடியாது, கவிழ்ந்து கிடந்தால் நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும். டர்போ நன்றாக மேயும், ஆனால் பெரியது, ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளைத் தள்ளிக்கொண்டு போகும். நசாரியஸ் பாசியைத் தொடாது, மிச்ச உணவைத்தான் தின்னும். கடையில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்றால் எது எது என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில் மீனைக் காட்டியவுடன் பணத்தை எடுக்காதீர்கள். முதலில் உணவு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தின்னாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வயிற்றைப் பாருங்கள், முதுகைப் பாருங்கள், மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று பாருங்கள். அதே தொட்டியில் வேறு மீனுக்குப் புள்ளி இருந்தால் வாங்காமல் திரும்பி வாருங்கள். வீட்டில் பேரங்காடியிலிருந்து வாங்கிய சூஷித் தாள் (காய்ந்த கடற்பாசித் தாள்) மீனுக்கென்று கொஞ்சம் இருக்கட்டும், உப்பும் எண்ணெயும் சேராததாக. பிள்ளைகள் தின்னும் மொறுமொறு பாக்கெட் ஆகாது. ஒரு சின்னத் துண்டைத் தொட்டிக்குள் கிளிப்பில் மாட்டிவையுங்கள், மாலைக்குள் தின்னாததை எடுத்துவிடுங்கள். தொட்டி வைத்து மூன்று நான்கு மாதம் ஆகட்டும், அதற்குமுன் மேயும் மீனே வேண்டாம்.

ஏற்கெனவே பெரிய மீனை வாங்கிவிட்டீர்கள் என்றால் திட்ட மாட்டேன். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், சில கடைகள் பாதி விலைக்கு எடுக்கும், சில சும்மா எடுக்கும். பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். பிடிக்கும்போது டேங் வாலடியில் கத்தி முள் இருக்கும், வலையில் மாட்டிக்கொள்ளும், கையையும் கிழிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு சேர்த்து அள்ளுங்கள். கொண்டுபோய் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் மட்டும் விடாதீர்கள். அனுமதியில்லாமல் உயிரினங்களை வெளியில் விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம் நீர்த்தேக்கங்களில் சக்கர் மீன் வந்து சேர்ந்ததே இப்படி யாரோ கொண்டுபோய் விட்டதால்தான். எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் தொட்டியைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். எங்களுக்குப் பெரிய தொட்டி வைத்திருக்கும் வீடுகள் தெரியும், இடம் பார்த்துக் கொடுக்கலாம்.