இதயத்தை நிறுத்தும் ஷாக்

"நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுத்து ஓட வைப்பதாகப் படங்களில் காட்டுகிறார்களே, கால்பந்து வீரர் முவாம்பா அப்படித்தான் பிழைத்தாரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. நடந்தது கிட்டத்தட்ட நேரெதிர்.

ஃபப்ரிஸ் முவாம்பா 1988இல் காங்கோவின் கின்ஷாசாவில் பிறந்தவர். அரசியல் காரணத்தால் அப்பா அகதியாக இங்கிலாந்து போக, 11 வயதில் இவரும் போய்ச் சேர்ந்தார். அப்புறம் ஆர்சனல், பர்மிங்ஹாம், போல்டன், இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணி என்று மளமளவென வளர்ச்சி. 2012 மார்ச் 17, டாட்டன்ஹாம் அணியுடன் போல்டனுக்கு எஃப்ஏ கோப்பைக் காலிறுதி. யாரும் மோதாமலே சுருண்டு விழுந்தார். வயது 23.

இதயத்தின் மேல் வலப்பக்கம் இருக்கும் ஒரு சின்னத் திசு முடிச்சுதான் தாளம் போடுகிறது. அங்கே கிளம்பும் மின் அலை தசை முழுக்கப் பரவ, இதயம் ஒன்றாகச் சுருங்குகிறது. சில நேரம் அந்த அலை உடைந்து, துண்டு துண்டாக வளைய வர ஆரம்பித்துவிடும். ஒரு மூலை சுருங்கும்போது இன்னொன்று தளர்கிறது. இதயம் வெறுமனே நடுங்கும். ரத்தம் ஒரு சொட்டு நகராது. முவாம்பாவின் இதயம் நின்றுவிடவில்லை, இப்படித்தான் நடுங்கியது.

இனி எனக்குப் பிடித்த இடம். மின்தூண்டல் பெற்ற ஒவ்வொரு செல்லும் ஒரு கணம் செவிடாகிவிடும். அடுத்த தூண்டலை ஏற்காது. ஷாக் பெரும்பாலான செல்களை ஒரே நொடியில் தூண்டிவிடுகிறது. எரிந்து முடிந்த புல்வெளியில் தீ பரவ இடமிருக்காது இல்லையா, அதேபோல் சுற்றித் திரிந்த அலைகள் செத்துப்போகின்றன. முழு அமைதி. பிறகு யார் முதலில் விழிப்பது? வெளியிலிருந்து யாரும் தூண்டாமலே தானாக மின் அலையை எழுப்பும் அந்தப் பழைய முடிச்சுதான். அதனால்தான் இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது ஷாக்கால் பயனில்லை: அணைக்கவேண்டிய அலையே அங்கில்லை.

முவாம்பாவின் இதயம் மீண்டும் துடிக்க 15 ஷாக்குகள், 78 நிமிடங்கள் ஆயின. அதுவரை மூளைக்கு ரத்தத்தைத் தள்ளியது மார்பை அழுத்திய கைகள். ரசிகராக வந்திருந்த இதய மருத்துவர் ஆண்ட்ரூ டீனர் மைதானத்துக்குள் ஓடிவந்து உதவினார். நம் ஊரில் இப்படி விழுந்தவருக்குக் கைகால் வெட்டி இழுத்தால், வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 10 சதவீதம் தின்கிறது. சாவி தேடுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதே ஆகஸ்டில், மருத்துவர்கள் சொற்படி முவாம்பா ஓய்வு பெற்றார். 2021இல் இதேபோல் விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன், ஷாக் கொடுக்கும் குட்டிக் கருவியை உடலுக்குள் பொருத்திக்கொண்டு மறு வருடமே இங்கிலாந்தில் ஆட வந்துவிட்டார். அவர் முன்பு ஆடிய இத்தாலியில் அந்தக் கருவியோடு ஆட விதி இடம் தரவில்லை.