கரண்ட் போன பிறகும் கேட்ட ‘உம்’

கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கத்தில் எங்கள் வீடு. சில மாதங்களாக ராத்திரி படுத்தால் தூரத்தில் ஏதோ இன்ஜின் ஓடுவதுபோல ‘உம்ம்ம்’ என்று ஓர் உறுமல். யாரோ விசைப்படகைச் சும்மா ஓடவிட்டிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே புரண்டு படுப்பேன். ஏப்ரல் 15 வந்தது. இந்தப் பக்கம் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் ஓய்ந்து கிடக்க, உறுமல் மட்டும் ஓயவில்லை.

சந்தேகம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் மேல் திரும்பியது. நியாயமான சந்தேகம்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நுண்ணளவு நீண்டு சுருங்கும். அதனால் அது நொடிக்கு 100 அதிர்வில், அதாவது 100 ஹெர்ட்ஸில் முனகும்.

அப்புறம் மே மாதப் புழுக்கத்தில் ஒரு நடுராத்திரி கரண்ட் போனது. பேன் நின்றது, டிரான்ஸ்பார்மரும் அடங்கியது. உறுமலோ முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. அம்மாவை எழுப்பி, “எதாவது சத்தம் கேக்கா?” என்றேன். “கடல் இரையுது மக்கா, படு” என்றாள்.

இரண்டு காதையும் விரலால் அடைத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் சத்தம் என்றால் குறைய வேண்டும். குறையவில்லை. ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. காதை விரலால் அடைத்தால் எல்லோருக்குமே ஓர் அடித்தொனி இரைச்சல் கேட்கும். அது விரலையும் கையையும் பிடித்து நிறுத்தும் தசைகளின் நடுக்கம், நொடிக்குச் சுமார் 20 முதல் 30 அதிர்வு. இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் வொல்லாஸ்டன் 1810-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரம் உருளும் ஓசையோடு ஒப்பிட்டு அதன் வேகத்தைக் கணக்கிட்டார். காதை அடைத்தபடி முழங்கையை இறுக்கிப் பாருங்கள், இரைச்சல் கூடும். ஆக, விரல் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. வீட்டை விட்டுத் தள்ளி, வேறு ஊரில் ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. நான் மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டில் படுத்தேன். உறுமலும் கூடவே வந்திருந்தது. அப்படியென்றால் அது என் காதுக்குள்தான்.

காது இரைச்சல், மருத்துவர்கள் சொல்லும் டின்னிட்டஸ், எங்கிருந்து வருகிறது? உள்காதில் நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்று சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. கன்னியாகுமரிக் கடைகளில் விற்கும் சிறிய சங்குகூட அதைவிடப் பெரிது, ஏனென்றால் நீட்டி வைத்தாலே குழலின் நீளம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஆயிரக்கணக்கான மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலில் நிற்பவை கீச்சென்ற சத்தத்துக்கு அசையும். சுருளின் உச்சியில் நிற்பவை உறுமலுக்கு அசையும். சத்தம் இந்தக் குழலுக்குள் அலையாகப் பயணிப்பதைக் கண்டறிந்த விஞ்ஞானி கேயோர்க் ஃபான் பெகேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் சத்தமே இல்லாதபோதும் சும்மா இருப்பதில்லை, தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். சாதாரணமாக மூளை அதைக் கண்டுகொள்ளாது. காதிலிருந்து வரும் செய்தி குறைந்தால்தான் வினை. பழைய ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு இது புரியும். நிலையம் மங்கியதும் பெட்டி தானாகவே உள்வாங்கும் திறனைக் கூட்டும், இரைச்சலும் சேர்ந்து பெருகும். மூளையும் அதைத்தான் செய்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். எந்தத் தொனியில் கேள்வி, அதாவது கேட்கும் திறன், குறைகிறதோ, பெரும்பாலும் அந்தத் தொனிக்குப் பக்கத்தில்தான் இரைச்சல் கேட்கும்.

நல்ல காது உள்ளவர்களும் தப்ப முடியாது. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், கேள்விக்குறை இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒன்று கேட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அந்த அறை கரண்ட் போன என் படுக்கையறைதான். ராத்திரி உறுமல் கூடுவதில்லை, அதை மறைத்திருந்த மற்றதெல்லாம் விலகிவிடுகிறது.

அடித்தொனி இரைச்சலுக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. படகு இன்ஜின் பக்கத்தில் வருஷக்கணக்காக நிற்பவர்களுக்கு முதலில் பழுதாவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதி. அவர்கள் பெரும்பாலும் ‘கீ’ என்றோ ‘ஸ்ஸ்’ என்றோ கேட்பதாகச் சொல்வார்கள். ‘உம்’ என்பவருக்குக் காரணம் வேறிடத்தில் இருக்கலாம். காதுக்குரும்பி அடைத்திருக்கலாம், சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம், சத்தத்தை உள்காதுக்குக் கடத்தும் குட்டி அங்கவடி எலும்பு இறுகியிருக்கலாம். இவை வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுப்பதால் உடம்பின் உள்சத்தம் எடுப்பாகக் கேட்கும். தலைசுற்றல், காது அடைத்த உணர்வு, ஏறி இறங்கும் கேள்விக்குறை இவற்றோடு உறுமலும் வந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் ப்ராஸ்பர் மெனியர் 1861-இல் விவரித்தது. உள்காதுத் திரவம் மிகுந்து, பெரும்பாலும் கீழ்த்தொனிகளை முதலில் பாதிக்கும்.

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். இரைச்சல் நாடியோடு தாளம் போட்டால் அது ரத்த ஓட்டத்தின் ஓசை, கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு காதில் திடீரென்று கேள்வி போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சுட்ட எண்ணெயை மட்டும் காதில் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போய்விடும். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.

நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். குரும்பி எடுத்தார்கள், கேள்விச் சோதனை செய்தார்கள். வலது காதில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறை, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். உறுமலை அடியோடு நிறுத்தும் மாத்திரை கிடையாது என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தீயில் பயம்தான் பெரிய எண்ணெய். ஆபத்து என்று மூளை முத்திரை குத்திய சத்தத்தைக் காவல் நாய்போலக் கவனிக்கும். படுத்ததும் ‘இருக்கிறதா’ என்று தேடுவதே அதை வளர்க்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை சத்தத்தைக் குறைக்காது, அதனால் வரும் தொல்லையைக் குறைக்கும். அப்புறம் நிசப்தத்தைத் தவிர்ப்பது. பஞ்சு அடைத்துக்கொண்டு படுப்பது எனக்கு எதிர்விளைவுதான் தந்தது. பேன் ஓடினால் நல்லது. கைபேசியில் அலையோசை போட்டால், அதன் குட்டி ஸ்பீக்கரில் ஆழ்ந்த தொனி வராது, வெறும் ‘ஸ்ஸ்’தான் வரும். ஆனாலும் வேலை செய்கிறது. ஒரு சத்தத்தை மறைக்க அதே தொனியில் இன்னொன்று வேண்டும் என்பது வெளிச்சத்தங்களுக்கான விதி. காது இரைச்சல் பல நேரம் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. ஒலியளவை மட்டும் உறுமலை முழுக்க மூழ்கடிக்காமல், இரண்டும் மங்கலாகக் கேட்கும் அளவில் வைக்கச் சொன்னார்கள். எப்போதும் மூடியே வைத்தால் அதற்குப் பழக மூளைக்கு வாய்ப்பு கிடைக்காதாம்.

ஜூன் பாதியில் ஆனிக் காற்று தொடங்கியது. “இந்தக் கடல் இரைச்சல்ல மனுஷன் எப்பிடி உறங்க?” என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள். அவள் உறங்கிய பிறகு எழுந்துபோய் நான் திறந்து வைத்தேன்.