மின்சாரம் போன பிறகு லினக்ஸ் எதைச் சரிபார்க்கிறது?

மின்வெட்டில் அணைந்த லினக்ஸ் கணினியை மறுபடி இயக்கினால், ‘ரெகவரிங் ஜர்னல்’ என்று ஒரு வரி வருகிறது. மறுகணமே வழக்கம்போல் வேலை செய்கிறது. அதற்குள் எதைச் சரிபார்த்திருக்க முடியும் என்று கேட்கிறார் ஒரு வாசகர். நியாயமான சந்தேகம்தான்.

ஒரு கோப்பை உருவாக்க, கோப்பகத்தில் பெயர் ஏற வேண்டும். கோப்பின் அளவு, இருப்பிடம் போன்றவற்றைக் குறித்துவைக்கும் ஐநோடில் விவரங்கள் பதிய வேண்டும். காலியிடக் கணக்கு மாற வேண்டும். இவை வட்டில் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், நடுவில் மின்சாரம் போனால் ஒன்று மாறி இன்னொன்று மாறாமல் நின்றுவிடும். 1993இல் வந்த எக்ஸ்ட்2 கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடு), எஃப்எஸ்சிகே என்ற சோதனை நிரல் ஐநோடுகளையும் கோப்பகங்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பிட்டாக வேண்டும். பெரிய வட்டுக்கு மணிக்கணக்கில் ஆகும்.

2001இல் லினக்ஸ் கருநிரலில் சேர்ந்த எக்ஸ்ட்3, ஸ்டீபன் ட்வீடியின் கைவண்ணத்தில், ஜர்னலைக் கொண்டுவந்தது. கடைக்காரர் சிட்டையில் குறித்துவிட்டுப் பேரேட்டில் ஏற்றுவதுபோல, வட்டில் மாறப்போகும் சிறு பகுதிகளான தொகுதிகளின் நகல் முதலில் ஜர்னலில் எழுதப்படுகிறது. முடிவில் ‘கமிட்’ முத்திரை. பிறகுதான் அவை உரிய இடத்துக்குப் போகின்றன. முறையாக அணைக்காத கணினி எழும்போது, கோப்பு முறைமையின் நிலையைக் குறித்துவைக்கும் சூப்பர்பிளாக்கில் ‘மீட்பு தேவை’ என்ற குறி அழியாமல் இருக்கும். முத்திரை உள்ளவை மீண்டும் எழுதப்படும். இல்லாதவை நடக்கவே இல்லை என்று தள்ளப்படும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். இந்த மீட்பின் நடுவிலேயே மறுபடி மின்சாரம் போனால்? ஒன்றும் ஆகாது. ‘காலியிடத்தில் ஒன்றைக் கழி’ என்று ஜர்னல் கட்டளை எழுதி வைப்பதில்லை. அப்படி எழுதியிருந்தால் இருமுறை செய்யும்போது இரண்டு கழிந்துவிடும். கழித்த பிறகு அந்தத் தொகுதி எப்படி இருக்க வேண்டுமோ, அந்த முழு உருவத்தையே வைத்திருக்கிறது. பத்து முறை எழுதினாலும் விளைவு ஒன்றுதான்.

ஆனால் எக்ஸ்ட்3க்கு அடுத்து வந்த எக்ஸ்ட்4 வழக்கமாக ஜர்னலில் காப்பது கட்டமைப்பை மட்டுமே. சேமிக்காத கட்டுரையை அது மீட்டுத் தராது. ஆயுதபூஜையன்று கணினிக்குப் பொட்டு வைப்பவர்கள் அன்றைக்காவது ஒரு பேக்கப் எடுக்கலாம்.

சூப்பர்பிளாக்கில் பிழைக்குறியும் இருந்தால் பழைய முழுச் சோதனைதான். பெயரிழந்த கோப்புகள் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ கோப்பகத்தில் எண்களோடு கிடக்கும். தாமதம் பொறுக்காமல் பவர் பொத்தானை அழுத்துவது வீண் வம்பு. வட்டே பழுதாகிவருகிறது என்று தோன்றினால் எஃப்எஸ்சிகேயை ஓடவிடாதீர்கள். முதலில் வட்டை முழுதாக வேறொன்றில் நகலெடுத்து, அந்த நகலில் ஓட்டுங்கள்.