40 சதவீத அடைப்புதானே, டாக்டர்?

இந்த மாதத்தில் மாரடைப்போடு என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டுநர், வயது 48. விடியற்காலை ஐந்தரைக்கு நெஞ்சில் இறுக்கம், உடம்பெல்லாம் வேர்வை. கோடாலித் தைலம் தேய்த்து, இஞ்சித் தண்ணீர் கொடுத்து, காற்றுப் பிடிப்பு என்று எட்டரை வரை காத்திருந்திருக்கிறார்கள். பிறகு மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து என் கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். ஈசிஜி தாளைப் பார்த்ததுமே என் தாதி ஆம்புலன்சை அழைத்துவிட்டார்.

"போன வருடம் ஸ்கேனில் இதயக் குழாயில் 40 சதவீத அடைப்புதான் என்றார்களே, டாக்டர்?" என்று மனைவி அழுதார். அந்தத் 'தான்' தந்த தைரியத்தில் கொழுப்பு மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதமாகிறதாம்.

அடைப்பு என்றதும் எல்லோருக்கும் தோட்டத்து லயத்து வீட்டுத் துருப்பிடித்த குழாய்தான் நினைவுக்கு வருகிறது. 70, 80, 90 என்று ஏறி, 100 ஆகும் நாளில்தான் மாரடைப்பு என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இதயக் குழாயைப் பாதி கூட அடைக்காத கொழுப்புப் படிவும் ஆளைச் சாய்க்கும். அது குழாய்த் துரு அல்ல, பழுத்த கொப்புளம். உள்ளே கொழகொழவென்று கொழுப்பு, மேலே மெல்லிய தோல். அந்தத் தோல் கிழிந்தால் கொழுப்பு இரத்தத்தைத் தொடும். ரப்பர் பால் வெட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஆசிட் பட்ட பால் என்ன ஆகும்? இரத்தம் அதைவிட வேகமாகக் கட்டியாகும். காலையில் 40 ஆக இருந்தது, சில நிமிடங்களில் 100.

டிரெட்மில்லில் ஓடித் தேறிவிட்டேன் என்பவர்களுக்கும் இதுவே பதில். இரத்த ஓட்டம் குறைந்திருந்தால்தான் அந்தச் சோதனை காட்டும். தோல் மெலிந்திருப்பதைக் காட்டாது.

"கொலஸ்ட்ரால் சரியாகிவிட்டது, மாத்திரை எதற்கு?" ஐயா, மாத்திரையால்தான் சரியானது! ஸ்டேட்டின் என்ற இந்தக் கொழுப்பு மாத்திரை கொலஸ்ட்ரால் அளவை மட்டும் குறைப்பதில்லை, அந்தத் தோலையும் தடிப்பாக்குகிறது. தசை வலித்தால் என்னிடம் வாருங்கள், அளவை மாற்றலாம். பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகரெட்டைப் பற்றி நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்கு 40 வயதிலிருந்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மலேசிய அரசின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. 2019இல் தொடங்கியது. எங்கள் தோட்டங்களிலிருந்து வருபவர்களை விரல் விட்டு எண்ணலாம். அம்மாக்களே, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டாவது வாருங்கள். நீங்களும் கையைக் காட்டிப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே போகலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வேர்வை, தாடையிலோ இடது கையிலோ வலி என்றாலும் காற்று என்று முடிவு கட்டாதீர்கள். தைலத்தை வைத்துவிட்டு 999ஐ அழையுங்கள். மோட்டார் சைக்கிள் கூடவே கூடாது. செம்பனைத் தோட்டத்துக்குள் எல்லாப் பாதையும் ஒன்று போலத்தான் இருக்கும், ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பையனைக் கைவிளக்கோடு பெரிய சாலை முனையில் நிறுத்திவையுங்கள்.