இட்லி ஏன் நீள்வட்டமானது?

கடலூர் திருப்பாப்புலியூரில் டிபன் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக் கேட்டிருந்தார். "மெனு காட்டும் டிவியில் இட்லியெல்லாம் நீள்வட்டமாகத் தெரியுது சார். மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை. படம் அனுப்பும் ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் கிராபிக்ஸ் டிரைவரை மூணு தடவை புதுசா போட்டாச்சு. போர்டையே மாத்திடலாமா?"

வேண்டாம். பாதி விடை போட்டோவிலேயே இருந்தது. அகலமான மெனுவை 4-க்கு 3 அளவுள்ள படத்துக்குள் அடக்கினால் மேலும் கீழும் பட்டை விழும்; அந்தப் படத்தை 16-க்கு 9 திரையில் இழுத்து ஒட்டினால் இட்லி அப்படித்தான் ஆகும். அந்த போர்டை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எதிரே திரை இருக்கிறது, ஆனால் யாரென்று தெரியவில்லை என்றால், வம்பே வேண்டாமென்று 1024×768 புள்ளிக்கு, அதாவது 4-க்கு 3-க்கு, இறங்கிவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதிவைக்கும் பதிவைப் பார்க்கச் சொன்னேன். இடிஐடி செல்லாது என்று வரிக்கு வரி புலம்பியிருந்தது.

இடிஐடி என்பது டிவியின் சாதகக் கட்டம் மாதிரி. டிவிக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லில் 128 பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையிலான 128 எண்கள். தயாரிப்பாளர் யார், எந்தெந்த அளவில் காட்ட முடியும், எல்லாம் அதற்குள். தயாரிப்பாளருக்கு ஒதுக்கிய இடம் இரண்டே பைட், அதில் மூன்று எழுத்து. எல்ஜி டிவி இன்றைக்கும் தன் பழைய பெயரான கோல்ட்ஸ்டாரின் இனிஷியலைத்தான் சொல்கிறது!

எனக்குப் பிடித்தது கடைசி பைட். அதற்கென்று தனியாக ஒரு சேதியும் கிடையாது. 128 எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், அதற்குத் தேவையான சில்லறைதான் அது. மற்றவற்றின் கூட்டுத்தொகை 330 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மடங்கு 512. ஆக, கடைசி பைட் 182. வழியில் ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1, புரண்டாலும் கணக்கு உதைக்கும். தலைப்பிலுள்ள எட்டு பைட்டில் ஒன்றிரண்டு பிசகினால் கர்னலே திருத்திக்கொள்ளும், ரேஷன் கார்டில் எழுத்துப் பிழையைக் கண்டுகொள்ளாத நல்ல ஊழியர் போல. கூட்டல் பிசகினால் மட்டும் விடாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அப்புறம் கைவிட்டுவிடும்.

சரி, பிட் ஏன் புரள வேண்டும்? படம் போவது தனி இணைக் கம்பிகளில். இந்த 128 பைட் வருவதோ வேறு இரண்டு கம்பிகளில், நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு வேகத்தில். அந்தக் கம்பியில் யாரும் மின்னழுத்தத்தை மேலே தள்ளுவதில்லை. கீழே இழுக்க மட்டுமே முடியும். கையை விட்டால், ஸ்பிரிங் வைத்த கதவு தானாகச் சாத்திக்கொள்வது போல, ஒரு மின்தடை அதை மேலே கொண்டுவரும். கேபிள் நீளமானால் கதவு கனக்கும். நீளக் கம்பி மின்தேக்கியாகி, நிரம்ப நேரம் எடுக்கிறது. மேலே ஏறி முடிப்பதற்குள் எதிர்முனை படித்துவிட்டால் 1 என்பது 0 ஆகிவிடும்.

"எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டேன். வாஸ்து பார்ப்பவர் சொல்லி டிவியை அக்னி மூலைக்கு மாற்றினாராம். போர்டு பழையபடி கல்லாவுக்குப் பக்கத்தில். நடுவில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 15 மீட்டர் மலிவு கேபிள்.

வாஸ்துவைப் பற்றி என் அபிப்பிராயத்தை அவரிடமும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: சுத்தப் பேத்தல். அதற்காக டிவியைத் திரும்பக் கழற்றச் சொல்லவில்லை. போர்டை டிவியின் முதுகிலேயே ஒட்டி, 1 மீட்டர் கேபிள் போடச் சொன்னேன். மெனு மாற்றத்தான் வைஃபை இருக்கிறதே.

மறுநாள் காலை போட்டோ வந்தது. இட்லி வட்டமாக இருந்தது. டிவிக்கு மேலே எலுமிச்சையும் மிளகாயும் புதிதாகத் தொங்கின.