36 கிலோ சாணமும் கடல் கடந்து வந்த பணமும்

சாண எரிவாயு அடுப்பில் தீ துள்ளித் துள்ளி எரிகிறதா? குழாயில் தண்ணீர் நிற்கிறது. சாணம் கரைத்து விடும் கலனிலிருந்து வரும் வாயு ஈரமானது. மண்ணுக்கடியில் போகும் குழாயில் அது குளிர்ந்து, தாழ்வான இடத்தில் நீராகத் தேங்கும். அங்கே இருக்கும் வடிகால் திருகை வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அதை வீட்டில் சமைப்பவருக்கு யாராவது காட்டிக் கொடுத்திருக்க வேண்டுமே! வெளிநாட்டு உதவியில் கட்டிய கலன்கள் இந்த மாதிரிச் சில்லறைக் காரணத்துக்குத்தான் பாழாகின்றன. கட்டுவதற்குக் காசு ஒதுக்கியிருப்பார்கள், திரும்ப வந்து பார்ப்பதற்கு ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

நேபாளம் இதை வேறு விதமாகச் செய்தது. அங்கே 1977-இலேயே கோபர் கேஸ் (சாண எரிவாயு) கம்பெனி தொடங்கியாயிற்று. முதலில் கட்டியது இந்தியக் காதி ஆணையத்தின் மாதிரி. தொட்டியின் மேல் இரும்புக் கலத்தைக் கவிழ்த்திருக்கும், நம் கிராமங்களிலும் பார்த்திருக்கலாம். இரும்பு துருப்பிடிக்கும், மலைப்பாதையில் தூக்கிப்போவதும் பெரும்பாடு. அதனால் முழுக்கப் பூமிக்குள் புதைந்த குவிமாடக் கலனுக்கு மாறினார்கள். ‘ஜிஜிசி 2047’ என்ற அந்த வடிவத்தின் பெயரில் ‘ஜிஜிசி’ கம்பெனியின் சுருக்கப் பெயர்; எண், நேபாளத்தில் வழங்கும் விக்ரம சம்வத் ஆண்டு 2047-ஐக் குறிக்கிறது. நம் கணக்கில் 1990. இரண்டு ஆண்டு கழித்து, 1992-இல், நெதர்லாந்தின் எஸ்.என்.வி. என்ற வளர்ச்சி உதவி அமைப்பு வழியாக மானியத் திட்டம் வந்தது. பிறகு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கியும் சேர்ந்துகொண்டது. கட்டும் வேலை தனியார் நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

கலனுக்குள் நடப்பது எளிது. சாணமும் தண்ணீரும் சரிபாதியாகக் கரைத்து உள்ளே விட்டால், காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதைத் தின்று மீத்தேனை வெளியிடும். வாயு குவிமாடத்தின் உச்சியில் சேரச் சேர, கீழிருக்கும் குழம்பு வெளிப்புறத் தொட்டிக்குத் தள்ளப்பட்டு மேலேறும். உள்ளும் புறமும் இருக்கும் அந்த மட்ட வித்தியாசம்தான் வாயுவை அடுப்புவரை தள்ளும் அழுத்தம். நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

6 கன மீட்டர் கலனை எடுத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 6 கிலோ வீதம் தினம் 36 கிலோ சாணம், 36 லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். ஆக 1,440 லிட்டர். ஓர் அடுப்பு மணிக்கு 400 லிட்டர் வரை குடிக்கும். மூன்றரை மணி நேரச் சமையல் ஆகிவிடும். கொட்டிலில் கட்டிய மாடு ஒன்று நாளைக்குப் பத்துக் கிலோ போடும் என்றால், மூன்று நான்கு மாடு வேண்டும். முதல் நிரப்புதலுக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு டன் சாணம் தேவை. குழி தோண்டும்போதே சேர்க்க ஆரம்பிக்காவிட்டால், கலன் கட்டி முடித்தும் காய்ந்து கிடக்கும்.

வாயு வருவது சாணத்தின் அளவுக்கு, தொட்டியின் அளவுக்கு அல்ல. இதைத்தான் ஜனங்கள் எளிதில் நம்புவதில்லை. “பெரிசாவே கட்டிடலாம்” என்று 10 கன மீட்டர் கட்டி, 25 கிலோ சாணம் போட்டால் கடன்தான் பெரிதாகும். கொள்ளளவைப் பார்த்து மானியம் கொடுத்தால் கட்டுபவரும் பெரிதாகவே விற்பார். நேபாளத்தில் ஆரம்பத்திலேயே அளவு எதுவானாலும் ஒரே தொகை என்று வைத்தார்கள்: தராய்ச் சமவெளியில் 7,000, மலையில் 10,000 நேபாள ரூபாய். மீதியைக் குடும்பம் போட வேண்டும். குழி வெட்டுவது, கல், மணல் சுமப்பது என்று உழைப்பாகவும் போடலாம். என் பார்வையில் இந்த ஒரு விதிக்கே பாதிப் புண்ணியம். சின்னக் கலன் கட்டுபவனுக்குத்தான் மானியத்தின் பங்கு அதிகம்.

கட்டுமானத்தில் உயிர்நாடி குவிமாடம். வட்டச் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணை நிரப்பி, மேட்டை வளைவாகச் செதுக்குவார்கள். அந்த மண்மேடுதான் அச்சு. அதன்மேல் கான்கிரீட்டை இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் போட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த இணைப்பு வழியே வாயு கசியும். ஒரு வாரம் நீராற்றிய பின், வெளிப்புறத் தொட்டித் திறப்பு வழியாக மண்ணை அள்ளி எடுத்து, உட்புறத்தை அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் சிமெண்டில் அக்ரிலிக் எமல்ஷன் பெயின்ட் கலந்து அடிப்பார்கள். வெறும் சிமெண்ட் நீரைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. குவிமாடத்தின்மேல் 40 சென்டிமீட்டர் மண் போடுவதும் அழகுக்கல்ல. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு எதிர்ப்பாரம் அது.

மேலே மண் மூடியபின் இதில் எது குறைந்தாலும் வெளியே தெரியாது. அதனால்தான் பணம் எப்போது கைமாறுகிறது என்பது முக்கியமாகிறது. கட்டி முடித்த கலனுக்குத்தான் மானியம், அதுவும் கட்டிய நிறுவனத்தின் வழியாகக் கிடைத்தது. ஒப்புக்கொண்ட வடிவம், தரம், பயிற்சி பெற்ற கொத்தனார் எல்லாம் நிபந்தனையாக இருந்தன. ஆய்வாளர்கள் சில கலன்களைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதித்தார்கள்; குறை இருந்தால் நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. உத்தரவாதக் காலத்தில் ஆண்டுதோறும் போய்ப் பார்ப்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. வடிகால் திருகு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுக்க ஆள் வந்தது அப்படித்தான்.

விறகு மிச்சமானதால் குறைந்த கரியமில வாயுவைக் கணக்கிட்டு, அதைக் கார்பன் வரவாகப் பணக்கார நாடுகளுக்கு விற்கும் வழியும் 2005-இல் ஐ.நா.வின் தூய வளர்ச்சி முறையில் பதிவாகித் திறந்தது.

குளிர் மட்டும் மசியவில்லை. குழம்பின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் வாயு வெகுவாகக் குறையும். மலைவாசிகள் குவிமாடத்தின்மேல் எருக்குவியல் போட்டுக் கதகதப்பாக வைப்பதுண்டு. அதுவும் ஓரளவுக்குத்தான். மாடே இல்லாத வீட்டுக்கோ இந்த மானியத்தால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. அங்கே போனது புகைக்குழாய் வைத்த மண் அடுப்பு. 1999-இல் டென்மார்க் உதவியில் தொடங்கிய இன்னொரு திட்டம் அது.